பகிர்ந்து கொள்ளக் கணக்கு வகுத்த பெரியார் – ஆக்னர் எர்லாங்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு நகரத்தில் பல்லாயிரம் வீடுகளில் தொலைபேசி இருக்கும்போது, அவர்கள் எல்லோருக்குமாக எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் போதும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற ஒவ்வொரு வீட்டிற்கும் தனிக் கம்பி இழுக்க எந்த நாட்டாலும் முடியாது. இருக்கும் கம்பிகளை எல்லோரும் பகிர்ந்து கொள்ளத்தான் வேண்டும். கம்பிகள் குறைந்தால், நள்ளிரவில் மருத்துவரை அழைக்கும் தாய்க்கு இணைப்புக் கிடைக்காது. கம்பிகள் மிகுந்தால், அவற்றின் செலவு கட்டணத்தில் ஏறி, ஏழைகள் தொலைபேசியே வைத்துக்கொள்ள இயலாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காட்டியவர்தான் டென்மார்க் நாட்டுக் கணித மேதை ஆக்னர் கிராருப் எர்லாங். தொலைத்தொடர்புத் துறையினர் அனைவரும் அறிந்த இப்பெயர், இன்றைய மேகக் கணிமைக்கும் அடித்தளமாய் நிற்கிறது. அப்பெரியாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

எர்லாங் 1878ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புத்தாண்டுப் பிறப்பன்று, டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் உள்ள லோன்போர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். ஊர்த் திருச்சபையிலும் பணிவிடை செய்தவர். தாயார் குருமார் பலர் தோன்றிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயாரின் முன்னோருள் ஒருவர் தாமஸ் ஃபிங்கே என்னும் கணித அறிஞர். நாம் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படிக்கும்போது எழுதுகிறோமே, டேன்ஜென்ட், சீகன்ட் என்ற பெயர்கள், அவற்றை 1583ஆம் ஆண்டு தம் நூலில் வழங்கியவர் இவரே. கணித அறிவு எர்லாங்கின் குடும்பச் சொத்தாகவே வந்தது போலும்!

எர்லாங்குக்கு ஓர் அண்ணனும் இரண்டு தங்கையரும் உண்டு. நால்வரும் தந்தையின் பள்ளியிலேயே படித்தனர். மாலை வேளைகளில் அண்ணன் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்க, தம்பி எதிரே உட்கார்ந்து அதே பக்கத்தைத் தலைகீழாகவே படித்துவிடுவாராம். இருப்பது ஒரே புத்தகம். அதை இருவரும் ஒருவருக்கொருவர் இடையூறின்றிப் பகிர்ந்து கொண்டனர். பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணிக்கு இது ஒரு முன்னறிவிப்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. விண்மீன்களைக் காண்பதிலும் அவருக்கு அளவற்ற ஆசை. வானியலைப் பற்றிச் சிறுவயதிலேயே கவிதைகளும் எழுதினார்.

கல்வி

பதினான்கு வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் நடத்திய தொடக்கத் தேர்வை எழுதினார். வயது போதாமையால் அதற்குத் தனி அனுமதி பெற வேண்டியதாயிற்று. சிறப்பாகத் தேறினார். பின் ஊர் திரும்பி, இரண்டு ஆண்டுகள் தந்தையின் பள்ளியிலேயே சிறுவர்களுக்குக் கற்பித்தார். அக்காலத்திலேயே பிரெஞ்சும் இலத்தீனும் பயின்றார்.

மேலே படிக்க வைக்கத் தந்தைக்கு ஆசை. ஆனால் கையில் பணமில்லை. அந்நேரம் உறவினர் ஒருவர் தங்குவதற்கு இடமளித்து உதவினார். எர்லாங் நுழைவுத் தேர்வில் வென்று, உதவித்தொகையும் பெற்று, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டு கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், வானியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். பிறருடைய உதவியால் படித்தோம் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

பள்ளியிலிருந்து தொலைபேசி நிலையத்திற்கு

பட்டம் பெற்ற பின் ஏழு ஆண்டுகள் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் கணித ஆராய்ச்சியை விடாது தொடர்ந்தார். டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்குச் செல்வது அவர் வழக்கம். அங்கே யோகான் யென்சன் என்பவரைச் சந்தித்தார். அவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர்; சிறந்த கணித அறிஞரும் ஆவார். தொலைபேசித் துறையின் சிக்கல்களைக் கணிதத்தால் தீர்க்க வருமாறு அவர் எர்லாங்கைத் தூண்டினார். 1908ஆம் ஆண்டு எர்லாங் அந்நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஆய்வகத்தின் தலைவரானார்.

தலைவர் என்றதும், நாற்காலியில் அமர்ந்து கட்டளையிட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்கத்தில் ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளர்கள் இல்லை. மண்ணுக்கடியில் செல்லும் கம்பிகளின் மின்னோட்டத்தை அளக்க வேண்டியிருந்தது. ஏணி சுமக்கும் தொழிலாளி ஒருவருடன் கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, தெருவில் இருந்த குழிகளுக்குள் தாமே இறங்கி அளவெடுத்தார். முதுகலைப் பட்டம் பெற்ற அறிஞர் குழிக்குள் இறங்குவதைக் கண்டவர்கள் வியந்திருப்பார்கள். அவரோ எவ்வேலையையும் இழிவாக எண்ணவில்லை.

அவர் கண்ட உண்மை

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தொலைபேசி நிலையத்திற்கு ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொருவரும் சராசரியாக 3 நிமிடம் பேசுகிறார்கள். ஆக மொத்தம் 300 நிமிடப் பேச்சு. ஒரு கம்பியில் ஒரு மணிக்கு 60 நிமிடம் பேசலாம். 300ஐ 60ஆல் வகுத்தால் 5. ஐந்து கம்பிகள் போதும் என்று நாம் எளிதாக விடை எழுதிவிடுவோம். ஆனால் அது தவறு.

ஏனெனில் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதில்லை. ஒரு நிமிடம் யாருமே அழைப்பதில்லை. மறு நிமிடம் எட்டுப் பேர் ஒன்றாக அழைக்கிறார்கள். கம்பிகள் சும்மா கிடந்த நேரத்தைச் சேமித்து வைத்து, நெருக்கடி நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாது. ஒருவரையொருவர் அறியாத மக்கள் தத்தம் தேவைக்கு அழைக்கும்போது அந்த அழைப்புகள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை எர்லாங் 1909ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் வகுத்த நிகழ்தகவு விதிக்கு அவை கட்டுப்படுகின்றன என்று நிறுவினார். எந்த நொடியில் யார் அழைப்பார் என்பது யாருக்கும் தெரியாது. ஆயினும் எல்லா அழைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதே அவர் கண்ட உண்மை.

1917ஆம் ஆண்டு அவருடைய புகழ்பெற்ற சூத்திரங்கள் வெளியாயின. இணைப்புக் கிடைக்காமல் திரும்புவோர் எத்தனை பேர் என்று ஒன்று கூறும். காத்திருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று மற்றொன்று கூறும். நம் கணக்கிற்கு முதல் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 5 கம்பிகள் இருக்கையில் 100 பேரில் ஏறக்குறைய 28 பேர் ஏமாந்து திரும்புவர். 10 கம்பிகள் வைத்தால் திரும்புவோர் 2 பேருக்கும் குறைவு.

இன்னொரு வியப்பும் உண்டு. அதே அளவு அழைப்புகள் உள்ள இரண்டு நிலையங்கள் தனித்தனியே பத்துப் பத்தாக 20 கம்பிகள் வைத்திருக்கின்றன என்று கொள்வோம். இரண்டும் ஒன்று சேர்ந்து பொதுவில் வைத்துக் கொண்டால் 17 கம்பிகளே போதும். ஏமாந்து திரும்புவோரின் விகிதம் முன்னைவிடக் குறைந்துவிடும்! ஓரிடத்தில் நெருக்கடி ஏற்படும்போது மற்றோரிடத்தில் ஓய்வு இருக்கக் கூடும் என்பதே இதற்குக் காரணம். பகிர்ந்து வாழ்வது நல்லொழுக்கம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும் என்பதைக் கணிதமே சொல்கிறது.

எர்லாங்கின் கட்டுரைகள் சுருக்கமானவை. ஆயினும் அவற்றின் பெருமை கடல் கடந்து பரவியது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவருடைய சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் எர்லாங்கின் கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பதற்காக டேனிஷ் மொழியைக் கற்றுக்கொண்டார் என்பர்.

மேகக் கணிமையும் எர்லாங்கும்

எர்லாங் வாழ்ந்த காலத்தில் இன்றுள்ளது போன்ற கணினி இல்லை. ஆனால் அவர் தீர்த்த சிக்கல் இன்று வேறு உருவில் நம் முன் நிற்கிறது. நாம் கைப்பேசியில் எடுக்கும் படமும், வகுப்புக் குழுவில் அனுப்பும் செய்தியும் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் அடுக்கி வைக்கப்பட்ட சர்வர்களில் சேமிக்கப்படுகின்றன. அந்தச் சர்வர்களை ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் வாடகைக்குப் பகிர்ந்து கொள்கின்றன. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு இத்தகைய வாடகைச் சேவையைத் தொடங்கிய பின் அது உலகெங்கும் பரவியது. இதையே மேகக் கணிமை என்கிறோம். கம்பிக்குப் பதில் சர்வர். அழைப்புக்குப் பதில் கோரிக்கை. சர்வர்கள் குறைந்தால் பலர் ஏமாறுவர்; மிகுந்தால் சும்மா ஓடும் இயந்திரங்களுக்காக மின்சாரம் வீணாகும். எத்தனை சர்வர்களை எப்போது இயக்குவது என்று ஆராய்வோர் இன்றும் எர்லாங்கின் கணக்கிலிருந்தே தொடங்குகின்றனர்.

ஆனால் அவர்கள் அதோடு நின்றுவிட முடியாது. எர்லாங்கின் சூத்திரம், மக்கள் தனித்தனியே தத்தம் விருப்பப்படி அழைக்கிறார்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டது. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் அப்படியா நடக்கிறது? இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நொடியில் விரல்கள் பொத்தானை அழுத்துகின்றன. அந்த நாளுக்கென்று கூடுதல் சர்வர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. தீயவர்கள் பல கணினிகளைக் கைப்பற்றி, போலிக் கோரிக்கைகளை வெள்ளம் போல அனுப்பி, உண்மையாகவே உதவி தேடி வருபவருக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றனர். ஆகவே ஒருவரே அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளாதபடி வரம்பு வைப்பதும், பொய்க் கோரிக்கையை அடையாளம் கண்டு விலக்குவதும் பாதுகாப்புப் பணிகளாகின்றன. ஒரே சர்வரில் பலர் குடியிருக்கும்போது ஒருவர் இரகசியம் அடுத்தவர் கண்ணில் படாமலும் காக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரு குறைபாடுகள் வெளியாயின. கணினியின் மூளையாகிய சில்லிலேயே இருந்த அக்குறைகளால், ஒரு நிரலின் இரகசியத்தை மற்றொரு நிரல் திருட வழி இருந்தது. மேகக் கணிமை நிறுவனங்கள் விரைந்து அவற்றைச் சரிசெய்ய முற்பட்டன. பகிர்ந்து கொள்வதற்குத் தாராள மனம் மட்டும் போதாது. சரியான கணக்கும் விழிப்பான காவலும் வேண்டும் என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

பண்பு நலன்கள்

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. அறிவுப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். கணிதம், வானியல், இயற்பியல் நூல்கள் நிறைந்த பெரிய நூலகம் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் ஈட்டிய பொருளைத் தமக்கென்று சேர்த்து வைக்கவில்லை. இல்லாதோர் அவருடைய ஆய்வகத்திற்கே தேடி வருவர். அவர் பிறர் அறியாவண்ணம் உதவி செய்து அனுப்புவார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி ஈய வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நிறுவனத்தில் உழைத்த எர்லாங், நோய் என்று ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. 1929ஆம் ஆண்டு ஜனவரியில் வயிற்று நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை பெற்றார். சில நாள்களில், பிப்ரவரி 3ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தம் 51ஆம் வயதில் உயிர் நீத்தார்.

நிலைத்த புகழ்

1946ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு, தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு ‘எர்லாங்’ என்றே பெயர் சூட்டியது. நாம் மேலே கண்ட கணக்கில் வந்த 5 என்பது 5 எர்லாங் ஆகும். விசைக்கு நியூட்டன் போல, மின்னோட்டத்திற்கு ஆம்பியர் போல, இப்பெருமகனாரின் பெயரும் ஓர் அலகாகிவிட்டது. 1986ஆம் ஆண்டு சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய கணினி மொழி ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. இன்று பலரும் பயன்படுத்தும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அம்மொழியைக் கொண்டே எழுதப்பட்டன.

முடிவுரை

அன்புத் தோழியரே! எர்லாங் புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர் அல்லர். ஏற்கெனவே இருந்ததை எல்லோருக்கும் எட்டும்படி பங்கிட வழி சொன்னவர். நூறு பேரில் எழுபத்திரண்டு பேருக்குக் கிடைத்துவிட்டது என்று மனநிறைவு கொள்ளாமல், ஏமாந்து திரும்பிய இருபத்தெட்டுப் பேரை எண்ணிப் பார்த்தவர். தண்ணீரானாலும் மின்சாரமானாலும் மருத்துவமனைப் படுக்கையானாலும், பொதுவான எதையும் பங்கிடும் பொறுப்பு நாளை நம் கைக்கு வரலாம். அப்போது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று மட்டும் பாராமல், எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்பினர் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக. கணிதம் கடினம் என்று அஞ்சி ஒதுங்காமல், அதனைப் பிறர்க்குப் பயன்படும் கருவியாகக் கொண்டு உழைப்போமாக. அதுவே இப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.