பட்டம் பெறாத மேதை – வில்ஹெல்ம் மேபாக்

மெர்சிடிஸ் என்றதும் பளபளக்கும் கார் ஒன்று நம் கண்முன் வந்து நிற்கும். அதன் முதல் காரை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். பாய்மங்களைப் பற்றிய பாடத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் நானும் அப்பெயரைத் தேடி அறிந்தேன். வில்ஹெல்ம் மேபாக் என்ற அந்த மாமனிதரின் வரலாற்றைச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 1846 பிப்ரவரி 9-ஆம் நாள் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார் மேபாக். பத்து வயதிற்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். ராய்ட்லிங்கன் நகரில் குஸ்தாவ் வெர்னர் என்ற சமயத் தொண்டர் நடத்திய இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த தொழிற்கூடத்தில் வரைபடம் தீட்டப் பழகினார். மாலையில் இயற்பியல் பயின்றார். அத்தொழிற்கூடத்தை நடத்த வந்த காட்லீப் டைம்லர், இந்த இளைஞரின் கூர்மையைக் கண்டுகொண்டார். அன்று பிறந்த நட்பு டைம்லரின் மறைவு வரை நீடித்தது.

1882-இல் இருவரும் கான்ஸ்டாட் நகரில் டைம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் ஆய்வைத் தொடங்கினர். இரவும் பகலும் உள்ளிருந்து வந்த ஓசையைக் கேட்டுக் கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று ஐயுற்றுக் காவலர்கள் நுழைந்தார்களாம்! கிடைத்தவை எஞ்சின் பாகங்களே. 1885-இல் அந்த எஞ்சின் ஓர் இருசக்கர வண்டியை ஓட்டியது.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. அக்காலக் கார்புரேட்டரில் காற்று பெட்ரோலின் மேற்பரப்பைத் தொட்டு ஆவியை ஏந்திச் செல்லும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். கனமான பகுதி தங்கிவிடும். கலவை ஒரே சீராக இராது. 1893-இல் மேபாக் இதற்கு விடை கண்டார். சிறு தொட்டியில் ஒரு மிதவை. பெட்ரோல் உயர்ந்தால் மிதவை உயர்ந்து ஊசியால் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். நுண்ணிய துளை ஒன்றின் வாயருகே பெட்ரோல் மட்டம் மாறாமல் நிற்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அங்கே அழுத்தம் குறைய, பெட்ரோல் தூறலாகத் தெறித்துக் காற்றுடன் கலக்கும். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் இதே வழியைக் கண்டனர் என்பதையும் சொல்வதே நேர்மை.

1900-இல் டைம்லர் மறைந்தார். எமில் ஜெல்லினெக் என்ற வணிகர் கேட்டுக்கொண்டபடி மேபாக் வடித்த 35 குதிரைத்திறன் கார், ஜெல்லினெக்கின் மகள் பெயரால் மெர்சிடிஸ் ஆயிற்று. 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் அது வாகை சூடியது. அதன் தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள்! இத்தனை செய்தும் நிறுவனத்தில் அவருக்கு உரிய இடம் கிட்டவில்லை. 1907-இல் வெளியேறினார். பின்னர் மகன் கார்லுடன் சேர்ந்து செப்பலின் வான்கப்பல்களுக்கு எஞ்சின் படைக்க வழிகோலினார்.

கால வெள்ளத்தில் எத்தனையோ மாறியும் அந்த மிதவையும் ஊசியும் துளையும் நிலைத்தன. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் காரில் மூன்று கார்புரேட்டர்கள் இருந்தன. இன்றும் அத்தகைய பழைய கார்களைப் போற்றுவோர் அவற்றைப் பிரித்துப் புதுப்பிக்கின்றனர். த்ராட்டில் தண்டு சுழன்று சுழன்று அதன் துளை தேய்ந்திருக்கும். அந்த இடுக்கில் காற்று புகுந்தால் கலவை மெலியும். எஞ்சின் நின்ற இடத்தில் சீராக ஓடாது. துளையை அகலப்படுத்திப் புதிய புஷ் பொருத்துவார்கள். தேய்ந்த ஊசியும் ஜெட்டும் மாற்றப்படும்.

இவ்வேலையை நான் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். என் தந்தையார் இருசக்கர வண்டி மெக்கானிக். ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அவர் ஜெட்டை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே அடைப்பைச் சொல்லிவிடுவார். அந்தத் துளையில் அழுத்தம் குறைவதன் கணக்கை நான் இங்கே எழுதுகிறேன். 2020 முதல் நம் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் எரிபொருளைப் பீச்சும் முறை வந்துவிட்டது. அப்பாவிடம் வரும் கார்புரேட்டர்கள் குறைந்து வருகின்றன. புதிய முறையைக் கற்க ஐம்பது வயதில் அவர் தயங்குகிறார். மேபாக் தம் அறுபது வயதிற்கு மேல் காரை விட்டு வான்கப்பலுக்குத் திரும்பிய கதையை அவருக்குச் சொன்னேன். சென்சார் என்றால் என்னவென்று மறுநாள் என்னைக் கேட்டார்.

ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி 1916-இல் மேபாக்கிற்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1929 டிசம்பர் 29-இல் மறைந்த அவர், கான்ஸ்டாட்டில் டைம்லர் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

நண்பர்களே! பட்டம் வாங்கப்போகும் நாம், பட்டமில்லாத அறிவு நம் வீட்டுத் திண்ணையிலும் பட்டறையிலும் இருப்பதை மறவாதிருப்போம். அந்த அறிவுக்கு நம் படிப்பு துணை நிற்குமானால், அதுவே மேபாக்கிற்கு நாம் செலுத்தும் நன்றி.