கல்லில் வரைந்த கேலி

இப்பல்கலைக் கழகத்துக்கு வந்த புதிதில் எனக்கு இந்தி ஓரெழுத்தும் தெரியாது. விடுதி உணவுக்கூடத்து நாளேட்டில் நான் படித்தது கேலிச்சித்திரம் ஒன்றைத்தான். யாரைச் சாடுகிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். அந்த வியப்போடு நூலகத்தில் தேடியபோது கிடைத்தவர் பிரெஞ்சு ஓவியர் ஒனோரே டோமியே.

1808-இல் மார்செய் நகரில் பிறந்தார். தந்தை கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. கவிஞராகும் ஆசையில் பாரிசுக்குப் போனார். கவிதை சோறு போடவில்லை. மகன் சிறு வயதிலேயே நீதிமன்ற ஏவலர் ஒருவரிடம் எடுபிடியானான். பிற்காலத்தில் வழக்கறிஞர்களை அவர் வறுத்தெடுத்ததற்கு வித்து அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

அவர் வரைந்தது சுண்ணாம்புக் கல்லில். கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால் கோடு மையைப் பற்றும், ஈரம் விலக்கும். எண்ணெயும் நீரும் ஒட்டாத அதே கதைதான்! செதுக்கும் வேலை இல்லை. படங்கள் விரைவாகப் பெருகின.

1831-இல் மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனிப் பூதமாக வரைந்தார். ஏழைகள் கூடை கூடையாகக் காசு சுமந்து பலகையேறி அவர் வாயில் கொட்டுகிறார்கள். ஆசனத்தின் அடியில் பட்டமும் பதவியும் கழிவாக விழுகின்றன. பரிசு: ஆறு மாதச் சிறை, 500 பிராங்கு அபராதம்.

ஆனால் என்னை உறங்கவிடாத படத்தில் மன்னர் இல்லை, கேலியும் இல்லை. 1834 ஏப்ரலில் பாரிசில் கலகம் எழுந்தது. திரான்ஸ்நொனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து யாரோ சுட்டதாகச் சொல்லிப் படையினர் உள்ளே புகுந்து குடியிருந்தோரைக் கொன்றனர். டோமியே வரைந்தது அந்த அறையை மட்டும். இரவுச் சட்டையுடன் ஒருவன் கட்டிலோரம் சரிந்து கிடக்கிறான். அவன் உடலின் கீழே நசுங்கி ஒரு குழந்தை. கொன்றவர்கள் படத்திலேயே இல்லை. கிடைத்த படிகளையெல்லாம் அரசு பறித்து அழித்தது.

அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. எழுத்தை அச்சிட்ட பின்புதான் வழக்கு. படத்துக்கோ அச்சிடும் முன்பே அனுமதி வேண்டும்! படிக்கத் தெரியாதவனும் படத்தைப் படித்துவிடுவான் என்ற அச்சம் அது. உணவுக்கூடத்து நாளேட்டின் முன் நின்ற எனக்கு அந்த அச்சம் நன்றாகவே புரிகிறது.

அதன்பின் மோசடிக்காரரும் வழக்கறிஞரும் வீட்டுச் சொந்தக்காரரும் அவர் கோலில் சிக்கினர். மொத்தம் ஏறத்தாழ 4,000 கற்சித்திரங்கள். பார்வை மங்கிப் போனபின், 1878-இல் நண்பர்கள் அவர் ஓவியங்களைப் பாரிசில் காட்சிக்கு வைத்தனர். செலவுக்குக்கூடக் காசு தேறவில்லை. 1879 பிப்ரவரியில் வல்மொந்துவா என்ற சிற்றூரில் டோமியே காலமானார்.