தலைப்பில் ஏறிய பெயர்



உளவுத் தொடர், துப்பறியும் தொடர் என்றாலே நம்ம ஹாஸ்டல் டி.வி. ரூமில் உட்கார இடம் கிடைக்காது. கோட்டு சூட்டு போட்ட ஹீரோ, கையில் துப்பாக்கி, பக்கத்தில் ஓர் அழகி. அந்த அழகிக்கு என்ன வேலை? பெரும்பாலும் வில்லனிடம் மாட்டிக்கொண்டு அலறுவதுதான்! ஆனால் ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1951-ல், அமெரிக்க டி.வி.யில் ஒரு சீனப் பெண் கதாநாயகியாக நின்று துப்பறிந்தார். அவர்தான் அன்னா மே வாங்.

1905 ஜனவரி 3-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அப்பா சலவைக் கடை நடத்தினார். வீட்டில் வைத்த பெயர் லியூ சாங். ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்கு ஓடுவார். (நம்மில் யாரும் அப்படி இல்லை என்று நம்புவோமாக!) 17 வயதிலேயே 'தி டோல் ஆஃப் தி சீ' (1922) படத்தின் நாயகி. 1924-ல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' அவரை உலகமறியச் செய்தது.

அப்புறம் என்ன, ஏறுமுகம்தானே என்கிறீர்களா? அதுதான் இல்லை! வெள்ளைக்கார நாயகனைச் சீனப் பெண் கைப்பிடிப்பதாகக் காட்ட ஸ்டுடியோக்கள் தயாராக இல்லை. அதனால் படத்துக்குப் படம் அவர் சாக வேண்டும், இல்லையென்றால் சதி செய்ய வேண்டும். வெறுத்துப்போய் 1928-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு மேடையிலும் நடித்தார். திரும்பி வந்து நடித்த 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' (1931) படத்தில் தலைப்பே அவருடைய வேடம்தான். சம்பளம்? அவருக்கு 6,000 டாலர். கொஞ்ச நேரமே வந்துபோகும் சீன வில்லனாக நடித்த வார்னர் ஓலண்டுக்கு 12,000. இத்தனைக்கும் ஓலண்ட் சுவீடனில் பிறந்த வெள்ளைக்காரர்!

பெரிய அடி இனிமேல்தான். சீன விவசாயிகளைப் பற்றிய 'தி குட் எர்த்' படத்தின் நாயகி வேடம் அவருடைய கனவு. அதை லூயிஸ் ரெய்னர் என்ற வெள்ளைக்கார நடிகைக்குக் கொடுத்தார்கள். அவருக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. ஆசைநாயகி வேடத்துக்கு அன்னாவை யோசித்தபோது, அதற்கு அவர் இணங்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு 1936-ல் சீனாவுக்குப் போய் முன்னோர் மண்ணைப் பார்த்தார். நாடகக் கலையைப் படித்தார். 1937-ல் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில், கடத்தல் கும்பலுக்குள் நடனக்காரியாக வேஷம் போட்டு நுழைந்து துப்பறிந்தார். அதில் சாகவும் இல்லை, சதி செய்யவும் இல்லை!

அதன் பிறகுதான் டி.வி. 1951 ஆகஸ்டில் டுமாண்ட் நிறுவனம் வாரம் அரைமணி நேரத் தொடர் ஒன்றைத் தொடங்கியது. கலைப்பொருள் கூடம் நடத்தும் ஒரு பெண் பல நாட்டுக் குற்றக் கும்பல்களின் முடிச்சை அவிழ்க்கிறாள். தொடரின் பெயர் 'தி கேலரி ஆஃப் மேடம் லியூ சாங்'. ஆமாம், சலவைக் கடைக்காரர் மகளுக்கு வீட்டில் வைத்த அதே பெயர்! அமெரிக்க டி.வி.யில் ஆசிய வம்சாவளியினர் முதன்மை வேடம் ஏற்ற முதல் தொடர் அதுதான்.

நவம்பரிலேயே தொடர் முடிந்துவிட்டது. இன்று பார்க்கலாம் என்றால் ஒரு பகுதிகூடக் கிடைப்பதில்லை. 1961 பிப்ரவரி 3-ல், 56-வது வயதில் மாரடைப்பால் அன்னா காலமானார். அந்த வருஷம்தான் இங்கிலாந்தில் 'தி அவெஞ்சர்ஸ்' உளவுத் தொடர் தொடங்கியது. அடுத்த வருஷமே அதில் ஆணுக்குச் சமமாகச் சண்டை போடும் நாயகி வந்துவிட்டாள். 2022-ல் அமெரிக்க அரசு அன்னாவின் முகத்தைக் கால் டாலர் நாணயத்தில் பொறித்தது.

நண்பர்களே, நம்மையும் சிலர் 'வெறும் டிப்ளமோதானே' என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். உட்கார்ந்து புலம்பலாம். இல்லை, அன்னா மாதிரி இன்னொரு மொழி, இன்னொரு வித்தை என்று கற்றுக்கொண்டே இருக்கலாம். படச்சுருள் தொலைந்துபோச்சு, பெயர் தொலையலையே!

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்