கொல்லர் மகன் ஃபாரடே

செம்புடன் வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். செம்புடன் துத்தநாகம் கலந்தால் பித்தளை. இவை உலோகக்கலவைகள். இரும்புடன் சிறிதளவு கார்பன் சேர்ந்ததே எஃகு. எஃகுடன் பிற உலோகங்களைக் கலந்தால் என்ன விளையும் என முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே.

அவர் 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை கொல்லர், குடும்பமோ வறுமையில் வாடியது. பதினான்காம் அகவையில் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்து அறிவியல் கற்றார். அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். 1813ஆம் ஆண்டு இலண்டன் இராயல் நிறுவனத்தில் உதவியாளர் பணி கிடைத்தது.

அக்காலத்தில் தென்னிந்திய எஃகு ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றிருந்தது. சேலம், மைசூர் முதலிய பகுதிகளின் கொல்லர்கள் மூடிய மண்கலத்தில் இரும்பை உருக்கி அதனை ஆக்கினர். ஐரோப்பியர் அதனை வூட்ஸ் என்றனர். எஃகைக் குறிக்கும் உக்கு என்னும் கன்னடச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். தமிழில் அதற்கு உருக்கு என்று பெயர்.

அந்த எஃகின் உறுதிக்கு அலுமினியமே காரணம் என ஃபாரடே கருதினார். அக்கருத்துப் பிழையானது, உண்மைக் காரணம் கார்பன் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், அத்தேடலே அவரைப் புதிய வழியில் செலுத்தியது. கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து பிளாட்டினம், ரோடியம், வெள்ளி, நிக்கல், குரோமியம் ஆகியவற்றை எஃகுடன் உருக்கிப் பார்த்தார். ஐந்நூறு பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்தபோது சிறந்த எஃகு கிடைத்தது. வெள்ளி மிகுந்தாலோ அது தனியே பிரிந்து நின்றது.

1823ஆம் ஆண்டு ஸ்டோடார்ட் மறைந்தார். விலைமிக்க உலோகங்கள் கலந்த எஃகு சந்தையில் நிலைபெறவில்லை. ஃபாரடே வேறு ஆய்வுகளில் ஈடுபட்டார். 1831ஆம் ஆண்டு மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்றார். 1867ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய எஃகு ஆய்வை உலகம் ஏறத்தாழ மறந்தது.

நெடுங்காலத்துக்குப் பின், அவர் பெயர் எழுதிய மரப்பெட்டி ஒன்றில் 79 எஃகுத் துண்டுகள் கிடைத்தன. இராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றைச் சோதித்து, 1931ஆம் ஆண்டு நூலொன்றில் விளக்கினார். அதற்குள் கலப்பு எஃகு பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. இன்று நம் வீட்டில் எவர்சில்வர் எனப்படும் தட்டிலும் இரும்புடன் குரோமியம் கலந்துள்ளது. கொல்லர் மகன் அன்று உலையில் இட்டுப் பார்த்த உலோகங்களுள் அதுவும் ஒன்று. உடனே பயன் தராத உழைப்பும் வீணாவதில்லை.