புடவையில் கரை கண்டவர்

நம் பள்ளிக் கைத்தொழில் அறையின் அலமாரியைத் திறந்தால் ஒரு வேடிக்கை காணலாம். சென்ற ஆண்டு மாணவியர் பூத்தையல் போட்ட கைக்குட்டைகள் அதில் அடுக்காக இருக்கின்றன. அத்தனையிலும் ஒரே ரோஜாப்பூ, ஒரே இரண்டு இலைகள்! ஒரே மாதிரித்தாளின் கீழே கார்பன் வைத்து எல்லோரும் படியெடுத்ததன் விளைவு. தையலில் பழுதொன்றும் இல்லை. ஆனால் எது யாருடையது என்று பெயர்ச்சீட்டைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டவுடனே இது இன்னாரின் கைவேலை என்று பிறர் அறியும்படி செய்வது எப்படி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது.

நமக்கு அண்மையிலுள்ள மதுரை மாநகரில் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் அவர் பிறந்தார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பிறந்தநாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் குடும்பம் சென்னை அடையாற்றில் குடியேறியது. அங்கே சபையில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை 1920இல் ருக்மிணி மணந்தார். மணமகளுக்கு வயது 16. மணமகனுக்கு நாற்பதுக்கு மேல். ஊரே கொதித்தெழுந்தது. சாதி, நாடு, வயது எல்லாவற்றையும் சொல்லித் தூற்றினார்கள். பிற்காலத்தில் எத்தனை எதிர்ப்பு வந்தபோதும் அவர் கலங்காதிருந்ததற்கு இந்த முதல் அடியே பயிற்சியாக அமைந்தது போலும்.

கணவருடன் பல நாடுகளைச் சுற்றி வந்தவர், உருசிய நடன மணி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்றார். ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா சென்றபோது அந்த நட்பு முதிர்ந்தது. பாலே நடனத்தையும் ஆர்வத்தோடு கற்கத் தொடங்கினார். ஆனால் பாவ்லோவா அவருக்கு வேறொரு வழியைக் காட்டினார்: உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்பதே அந்த அறிவுரையின் சாரம். பிறருடைய அழகைப் படியெடுப்பதை விட்டு, தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க அவர் கற்றது அப்போதுதான்.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் ஆட்டம் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். குடும்பப் பெண் சதிர் ஆடுவதா என்று பலர் முகம் சுளித்தனர். மறுபுறம், அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த தேவதாசி மரபுப் பெண்களின் மனத்தாங்கலும் இருந்தது. தங்கள் கலையை மாற்றிச் சிருங்காரத்தைக் குறைத்துவிட்டார் என்று அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி அம்மையார் கடிந்துகொண்டார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்றே நாங்கள் கருதுகிறோம். பெரியோரின் வரலாறு எழுதும்போது இதை மறைக்கலாகாது.

ஆடலைவிட ஆடையில்தான் அவருடைய தனித்தன்மை எங்களை அதிகம் கவர்ந்தது. பழைய நாளில் ஆடுபவர்கள் கால்சட்டையின் மேல் புடவையைச் சுற்றி, சரிகையும் நகையுமாகக் கனத்து நிற்பார்கள். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைக் கூர்ந்து பார்த்தார். அரைமண்டியில் அமரும்போது முழங்கால்களுக்கிடையே விசிறிபோல் விரியும் கொசுவத்தை வைத்துத் தைக்கப்பட்ட ஆடையை உருவாக்கினார். அடையாற்றிலிருந்த இத்தாலியத் தையற்காரப் பெண்மணி ஒருவர் வெட்டித் தைக்க உதவினார். சிற்பம் நம்முடையது, கத்தரிக்கோல் அயல்நாட்டுடையது. ஆனால் பிறந்த உடை இரண்டையும் சாராத புது உடை. இன்று பள்ளி விழாவில் நம் தங்கையர் அணியும் நடன உடை அந்த வழி வந்ததே.

1936இல் அவர் தொடங்கிய நிறுவனமே கலாக்ஷேத்ரா. மறு ஆண்டே அங்கு நெசவுக் கூடம் ஏற்பட்டது. நாட்டியப் பள்ளிக்குத் தறி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்நாளில் ஷிபானும் ஜார்ஜெட்டும் ஆலைத் துணியும் பெண்களை மயக்கிக்கொண்டிருந்தன. பாட்டிமார் பெட்டியிலிருந்த கனத்த பட்டுப் புடவைகள் பழங்குப்பை ஆகிவந்தன. அவர் அந்தப் பழம் புடவைகளைத்தான் பாடநூலாகக் கொண்டார். மயில்கண், உருத்திராட்சம், கோபுரக்கரை, மாங்காய் முதலிய பழைய உருக்களை மீண்டும் தறிக்குக் கொண்டுவந்தார். ஆனால் அப்படியே திரும்பச் செய்யவில்லை. கரையை அகலமாக்கினார், உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு முற்றிலும் மாறான நிறம் என்று அரக்கையும் மஞ்சளையும் கிளிப்பச்சையையும் துணிந்து சேர்த்தார். சரிகைப் பகட்டைக் குறைத்து, நிறங்களையே பேச வைத்தார்.

நிறம் மாறும் இந்தக் கரையை நெய்வது எளிதன்று. கோர்வை என்னும் முறையில் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நடுவுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளருக்கு எதிர்ப்பக்கம் துணையாள் ஒருவர் உட்கார வேண்டும். உடலிழையும் கரையிழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டே வரும். கை தவறினால் சந்து விடும். பரமக்குடி, எமனேசுவரம் தோழியருக்கு நாங்கள் இதை விளக்கத் தேவையில்லை. வீட்டிலேயே தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

பிற்காலத்தில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் ஊக்கத்தால் கலம்காரி வேலையும் அங்கே இடம்பெற்றது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்தி, மூங்கில் எழுதுகோலால் கையாலேயே வரைவார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு எடுப்பார்கள். சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும். இந்தச் சாயவேர் என்னும் இம்பூறல் நம் கடற்கரை மணலில் முளைப்பது. பழைய நூல்களில் அதற்கு இராமேசுவர வேர் என்றும் பெயர் உண்டு! 1869இல் ஐரோப்பாவில் செயற்கைச் சிவப்புச் சாயம் செய்யக் கண்டுபிடித்த பின், வேர் தோண்டுவோரின் பிழைப்பு மெல்ல மெல்லப் போயிற்று. காலடியிலிருந்த செல்வத்தை நாம் மிதித்துக்கொண்டு நடப்பதை எண்ணி வியந்தோம்.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அம்மையார், வாயில்லாப் பிராணிகளுக்காகப் போராடினார். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அவருடைய முயற்சியின் பயன். 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். திருவான்மியூரின் மணலில் மரங்களை வளர்த்து, கலாக்ஷேத்ராவையும் அதன் நடுவே வளர்த்து, 1986 பிப்ரவரி 24ஆம் நாள் மறைந்தார். 1993இல் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக்கியது.

இவ்வாண்டுக் கண்காட்சிக்குக் கார்பன் தாள் வேண்டாமென்று தீர்மானித்திருக்கிறோம். ஒருத்தி தன் அப்பத்தாவின் பனையோலைப் பெட்டியிலுள்ள கட்டங்களைத் தலையணை உறையில் கொண்டுவரப் பார்க்கிறாள். மண்டபத்துத் தோழி ஒருத்தி சங்கின் புரியைத் தாவணிக் கரையில் வரைந்திருக்கிறாள். கோடு சற்றுக் கோணல்தான். இரண்டு முறை பிரித்துப் போட்டாயிற்று, இன்னும் பாதிக் கரை மீதமிருக்கிறது.