தில்லியில் ஒலித்த தென் திருவிதாங்கூர்க் குரல்

1952-ல் கூடிய முதல் மக்களவையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரே இருந்தார். நாகர்கோவில் தொகுதியில் வென்ற வழக்கறிஞர் ஏ. நேசமணிதான் அவர். தமிழ் வட்டங்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைப்பது என்ற ஒரே கோரிக்கையுடன் அவர் தில்லி சென்றார்.

1895 ஜூன் 12-ல் விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் பிறந்தவர் நேசமணி. அவர் தொழில் தொடங்கிய நாளில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்ததாகவும், முக்காலியைத் தள்ளிவிட்டு அவர் நாற்காலியில் அமர்ந்ததாகவும் குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். அதே ஊரில் வழக்கறிஞர் சங்கத் தலைவராகவும் அவர் பின்னாளில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழர் இயக்கம் 1945 டிசம்பரிலேயே நாகர்கோவிலில் தொடங்கிவிட்டது. 1947-ல் நேசமணி அதில் சேர்ந்த பிறகே அது தேர்தலில் வெல்லும் கட்சியாக மாறியது. தொண்டர்கள் அவரை மார்ஷல் என்றழைத்தனர்.

சிறிய கட்சியானாலும் அதன் கை ஓங்கியிருந்தது. 1952-ல் அமைந்த ஏ.ஜே. ஜான் அமைச்சரவைக்கு ஆதரவளித்த அக்கட்சி, கோரிக்கை ஏற்கப்படாததால் மறு ஆண்டே ஆதரவை விலக்கிக்கொள்ள, அமைச்சரவை கவிழ்ந்தது. அடுத்து வந்த பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு போராட்டத்தை அடக்க முற்பட்டது. 1954 ஜூலையில் தடையை மீறி மூணாறு சென்ற நேசமணி கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். இதற்குப் பொறுப்பேற்றுப் பட்டம் அரசு விலக வேண்டும் என்று, அக்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லோகியாவே வற்புறுத்தினார். அகில இந்திய அளவில் அக்கட்சி பிளவுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. தெற்கு மூலையின் வட்டாரப் பிரச்சினை தேசியச் செய்தியானது அப்போதுதான்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-ல் அளித்த அறிக்கையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-ல் முதல் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி மட்டுமே தமிழகத்துக்கு வந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென் பகுதியும் இயக்கம் கேட்டவற்றுள் ஒன்று. ஆனால் அவ்வட்டத்தில் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர். களியக்காவிளையில் எல்லை நின்றது. அதற்கப்பால் திருவனந்தபுரம் சாலையில் உள்ள பாறசாலையும் உதியன்குளங்கரையும் கேரளத்தில் தங்கின. இரு மொழியும் புழங்கும் அப்பகுதியில் உறவு ஒரு மாநிலத்திலும் வீடு மறு மாநிலத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

தேவிகுளம், பீர்மேடு கதை வேறு. அங்கு தமிழர் மிகுதி என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது எதிர்வாதம். முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு வட்டத்தில் இருப்பதை நினைத்தால், அன்று இழந்தது எத்தனை ஏக்கர் என்ற கணக்கோடு விஷயம் முடிவதில்லை. சென்னையில் காமராஜர் அரசு இவ்வட்டங்களுக்காகப் போதுமான அளவு வாதாடவில்லை என்ற மனக்குறை எல்லைப் போராட்ட வரலாற்றில் நீங்காமல் இருக்கிறது. தில்லியில் ஒற்றை உறுப்பினராக நின்ற நேசமணிக்கு அந்தத் துணை மிகவும் தேவைப்பட்டது.

இணைப்புக்குப் பின் அவரது கட்சி காங்கிரசில் கலந்தது. 1957-ல் கிள்ளியூரிலிருந்து சென்னை சட்டப்பேரவைக்குச் சென்ற நேசமணி, 1962-லும் 1967-லும் காங்கிரஸ் வேட்பாளராக நாகர்கோவிலில் வென்று மீண்டும் மக்களவைக்கு வந்தார். மாநிலமெங்கும் திமுக அலை வீசிய 1967-லும் அவரது தொகுதி அசையவில்லை.

1968 ஜூன் 1-ல் அவர் மறைந்தார். 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அந்த இடத்துக்குப் போட்டியிட்டு வென்று தில்லி சென்றவர், விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர்.