மாருதி எஞ்சினில் ஒரு ரேஸ் கார்!



நம்ம ஆட்டோமொபைல் லேபில் மூலையில் ஒரு பழைய மூணு சிலிண்டர் மாருதி எஞ்சின் இருக்கிறதே, அதை என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா? வைவாவுக்கு முந்தின நாள் தவிர பார்த்திருக்க மாட்டோம்! அதே 796 சிசி எஞ்சினைப் பார்த்து ரேஸ் காரைக் கற்பனை செய்த மனிதர்தான் கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன்.

1954-ல் மில் தொழில் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் மனசெல்லாம் காரும் ஸ்பேனரும்தான். அப்போது ரேஸ் என்றால் சென்னை அருகே சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. அங்கே கரிவரதன் நல்ல டிரைவர் என்று பெயர் எடுத்தார்.

ஆனால் ஒரு சிக்கல். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்ய எத்தனை பேரால் முடியும்? திறமை இருந்தும் காசில்லாதவன் வேலிக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டியதுதான்!

1983-ல் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. எஞ்சின் சின்னது, பாகங்கள் எங்கேயும் கிடைக்கும். அதை வைத்து 1980களின் பிற்பகுதியில் கரிவரதன் உருவாக்கியதுதான் ஒற்றை சீட் ‘ஃபார்முலா மாருதி’. 800-ல் முன்னால் இருந்து முன்சக்கரத்தைச் சுற்றுகிற எஞ்சின், இதில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போனது, பின்சக்கரத்தைச் சுற்றியது. வேகம் எடுக்கும்போது வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும் இல்லையா? அந்த நேரத்தில் பின் டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், ஜெயிப்பது பணமல்ல, கைத்திறமை!

இங்கிலாந்தில் 1946-ல் கூப்பர் குடும்பம் செய்ததும் இதே வேலைதான். பழைய ஃபியட் காரின் முன்பாகம் இரண்டை ஒட்டி, பின்னால் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்தார்கள். அதே வழியில் வளர்ந்த கூப்பர் கார் 1959-ல் உலக சாம்பியன் ஆனது!

நம்ம ஊர்க் கதையும் அப்படித்தான். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்கிற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் ரேஸ் டிராக் ஏது என்கிறீர்களா? டிராக் வேண்டாம். ஆற்றில் தண்ணி வராத வருஷம் குறுவையைக் காப்பாற்றுகிற டீசல் எஞ்சினை வரப்பிலேயே பிரித்து மாட்டுகிற அப்பாக்களின் பிள்ளைகள் நாம். ஆனால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றால் என்ன செய்கிறோம்? ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, ரெடிமேடாக வாங்கி வந்து, பெயிண்ட் அடித்து நிறுத்துகிறோம். டிப்ளமோதானே, இது போதும் என்ற நினைப்பு!

கரிவரதன் நினைத்திருந்தால் ரெடிமேடாக வாங்கி ஓட்டுவதோடு நின்றிருக்கலாம். அவரிடம் வசதி இருந்தது. அதோடு நின்றிருந்தால் ரேஸ் ஓட்டியவர் அவர் ஒருத்தராக இருந்திருப்பார். செய்ததால் எத்தனையோ பேர் ஓட்டினார்கள்.

நாளைக்கு லேப் போனால் அந்த மூலை எஞ்சினைக் கொஞ்சம் தூசி தட்டிப் பார்ப்போமா?